ஹட்சன் கல்லறைத் தோட்டத்தில் அணைந்த மைக்: ஒரு நினைவு நாள் சர்ச்சையின் பின்னணி

2021 மே 31, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்கும் ஆக்ரனுக்கும் இடையே உள்ள ஹட்சன் என்னும் சிறு நகரத்தின் மார்க்கிலி கல்லறைத் தோட்டத்தில், போரில் உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நினைவு நாள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சிறப்புரை ஆற்ற அழைக்கப்பட்டிருந்தவர் பார்னார்ட் கெம்ட்டர். அப்போது அவருக்கு வயது 77. முப்பது ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி, வளைகுடாப் போரையும் பார்த்து, லெப்டினென்ட் கர்னலாக ஓய்வுபெற்றவர். நினைவு நாள் என்ற வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை விளக்கத் தொடங்கி, 1865இல் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் இறந்த வீரர்களுக்குச் செய்த மரியாதையைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்கு முன்னிருந்த மைக் ஓசையின்றிப் போனது.

கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்த அவர், மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, மைக் இல்லாமலேயே தொடர்ந்தார். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு ஒலி திரும்ப வந்தது. பதினொரு நிமிட உரையில் அந்த இரண்டு நிமிடங்கள் மட்டும் ஏன் மறைந்தன என்பது கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தது. மைக் பழுதாகவில்லை, விழா ஏற்பாட்டாளர்கள் அதை வேண்டுமென்றே அணைத்திருந்தார்கள்.

அடுத்த சில நாள்களில் இந்த உள்ளூர்ச் செய்தி அமெரிக்கா முழுவதும் பரவியது. முன்னாள் படைவீரர்களின் பெரிய அமைப்பான அமெரிக்கன் லீஜனின் ஹட்சன் கிளையும் அதன் மகளிர் துணை அமைப்பும் அந்த விழாவுக்குப் பொறுப்பாக இருந்தன. ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த தொழில்நுட்பப் பணியாளர், ஒலியைக் குறைக்கும்படி தன்னிடம் கேட்கப்பட்டபோது தான் மறுத்துவிட்டதாகவும், எந்தக் குமிழ் என்று கேட்டறிந்து ஏற்பாட்டாளர் ஒருவரே அதைத் திருப்பியதாகவும் செய்தியாளர்களிடம் சொன்னார். இந்தச் சிறு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையம் அந்தக் குமிழில்தான் இருக்கிறது.

ஏற்பாட்டாளர் தரப்பு தன் செயலை மறுக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சியின் நோக்கம் ஹட்சன் நகர வீரர்களைச் சிறப்பிப்பது என்றும், உரையின் அந்தப் பகுதி அந்த நோக்கத்துக்குப் பொருந்தவில்லை என்றும், அதை மாற்றும்படி முன்கூட்டியே கேட்டும் பேச்சாளர் மாற்றவில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள். திருத்தி எழுதத் தனக்கு நேரம் இருக்கவில்லை என்றும், நகரப் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் யோசனை கேட்டபோது உரையை மாற்ற வேண்டாம் என்றே அவர் சொன்னார் என்றும் கெம்ட்டர் கூறினார். ஓஹையோ மாநில லீஜன் தலைமை விசாரித்து, இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. ஜூன் முதல் வாரத்திலேயே கிளைப் பொறுப்பாளர் ஒருவர் பதவி விலக நேர்ந்தது. கிளை இயங்குவதற்கான அங்கீகாரமான பட்டயமும் இடைநிறுத்தப்பட்டது.

‘பேச்சுரிமை பறிக்கப்பட்டது’ என்றுதான் பலரும் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தச் சொல்லைச் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. நாடாளுமன்றமோ மாநில அரசோ நகராட்சியோ காவல்துறையோ ஒருவரின் பேச்சை அதன் கருத்துக்காகத் தடுத்தால், நீதிமன்றம் தலையிடும். தனியார் அமைப்பு ஒன்று தன் மேடையில் ஒருவரைப் பேச விடாமல் செய்தால் அந்தத் திருத்தம் அங்கே எட்டாது. அமெரிக்கன் லீஜன் 1919இல் நாடாளுமன்றத்தின் பட்டயம் பெற்ற அமைப்புதான் என்றாலும், அது அரசின் அங்கம் அல்ல. பொதுமக்களுக்கான தொலைக்காட்சி அலைவரிசைகளை நடத்தும் தனியார் நிறுவனம்கூட அரசாகக் கருதப்படாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருக்கிறது. மைக்கை அணைத்தவர் நகர மேயராகவோ காவலராகவோ இருந்திருந்தால் கதை வேறு. இங்கே அணைத்தது விழாவை நடத்தியவர்களின் கை.

சட்டம் அதற்கு மேலும் ஒரு படி போகிறது. இத்தகைய தேசபக்தி நிகழ்ச்சிகளை நடத்துபவர்களுக்கே ஒரு பேச்சுரிமை உண்டு என்பது நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன கொள்கை. அதன் வேர் 1943இல் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆக வேண்டும் என்று மேற்கு வர்ஜீனியாவில் விதித்திருந்த கட்டாயத்தை, அந்த ஆண்டு ஜூன் 14 அன்று, அதாவது கொடி நாளன்றே, உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாயை மூடச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இல்லாதது போலவே, நம்பாததைச் சொல்லவைக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதே கொள்கைதான் 1995இல் பாஸ்டன் நகர ஊர்வல வழக்கில் வந்து நின்றது. ஆண்டுதோறும் மார்ச் 17ஐ ஒட்டித் தெற்கு பாஸ்டனில் பெரிய ஊர்வலம் நடக்கும். அந்த நாள் அயர்லாந்து மக்களின் புனித பேட்ரிக் நாள். 1776இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டு வெளியேறிய நாளும் அதுவே. 1947 முதல் அந்த ஊர்வலத்தை நடத்திவந்தது முன்னாள் போர்வீரர் சங்கங்களின் கூட்டமைப்பு. அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர்களின் குழு ஒன்று, தன் பதாகையோடு அதில் நடக்க அனுமதி கேட்டது. மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றங்கள் அந்தக் குழுவைச் சேர்க்கும்படி உத்தரவிட்டன. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த உத்தரவை மாற்றினார்கள். ஊர்வலம் என்பதே ஒருவகைப் பேச்சு. யார் நடக்கலாம், எந்தப் பதாகை வரலாம் என்று தேர்ந்தெடுப்பதன் மூலம்தான் அதை நடத்துபவர்கள் பேசுகிறார்கள். தாங்கள் சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லும்படி அவர்களை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி டேவிட் சூட்டர் எழுதினார்.

இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஹட்சனுக்குத் திரும்பினால், ஏற்பாட்டாளர்கள் சட்டப்படி உறுதியான தரையில் நிற்பது தெரியும். மேடை அவர்களுடையது, நிகழ்ச்சியும் அவர்களுடையது. கெம்ட்டரை அழைக்காமலே இருந்திருக்கலாம். உரையைப் படித்துப் பார்த்துவிட்டு, ‘இந்தப் பகுதியோடு எங்கள் மேடையில் பேச முடியாது’ என்று எழுதியனுப்பியிருக்கலாம். இரண்டுக்கும் அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. அந்த உரிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாளை வேறொரு ஊரில், வேறொரு சிறுபான்மைக் குழு தன் நினைவுக் கூட்டத்தை நடத்தும்போது, அதில் யார் பேச வேண்டும் என்று பெரும்பான்மை வந்து ஆணையிடாமல் காப்பதும் இதே உரிமைதான்.

ஆனால் ஹட்சனில் நடந்தது தேர்வு அல்ல. பாஸ்டனில் ஊர்வலத்தை நடத்தியவர்கள் தங்கள் மறுப்பை வெளிப்படையாகச் சொன்னார்கள்; அதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள்; ஊரே அதை அறிந்திருந்தது. அவர்களோடு உடன்படாதவர்கள் அவர்களைக் கண்டிக்க முடிந்தது. கண்டிக்கவும் செய்தார்கள். 2015இல் தன்பாலீர்ப்புப் போர்வீரர்களின் குழு ஒன்று அந்த ஊர்வலத்தில் நடந்தது. 2017இல் அதே குழுவுக்கு மறுப்புச் சொல்ல வாக்கெடுத்த கூட்டமைப்பு, மாநில ஆளுநரும் நகர மேயரும் தாங்கள் வர மாட்டோம் என்று சொல்லும் அளவுக்கு எதிர்ப்பு எழவே, சில நாள்களில் முடிவைத் திரும்பப் பெற்றது. இதில் எந்த நீதிமன்றமும் தலையிடவில்லை. உரிமை ஒருவரிடம் இருந்தது, அதை அவர் பயன்படுத்திய விதம் ஊரார் கண்ணெதிரே இருந்தது, ஊரார் பேசினார்கள், அவ்வளவுதான்.

மார்க்கிலியில் கூடியிருந்தவர்களுக்கோ தங்கள் முன்னால் ஒரு முடிவு எடுக்கப்பட்டதே தெரியாது. மேடையில் நின்ற மனிதருக்கும் தெரியாது. ஒரு கருத்தை மறுத்தவர்கள், அந்த மறுப்பைக் கருவிக் கோளாறாக வேடமிட்டுக் காட்டினார்கள். பேச்சாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், கேட்க வந்தவர்களுக்கு இழைக்கப்பட்டது என்ன என்ற கேள்வி நிற்கிறது. தாங்கள் எதைக் கேட்கவில்லை என்பதையும், ஏன் கேட்கவில்லை என்பதையும் அறியும் வாய்ப்பு அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஒருவரை அழைக்காமல் இருப்பதும், அழைத்து மேடையேற்றிவிட்டு வாயைப் பொத்துவதும் ஒன்றாகா.

மறைக்கப்பட்ட அந்த இரண்டு நிமிடங்களில் இருந்தது என்ன என்பதைப் பார்க்கும்போது, இந்தக் கேள்வி மேலும் கனக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டில், அடிமை முறையைக் காக்க வடபுலத்தை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படை சார்ல்ஸ்டனில் இருந்த குதிரைப் பந்தயத் திடலைப் போர்க் கைதிகளின் திறந்தவெளிச் சிறையாக மாற்றியிருந்தது. வெயிலிலும் மழையிலும் நோயிலும் குறைந்தது 257 வடபுல வீரர்கள் அங்கே மடிந்தார்கள். பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் அவர்களை மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். 1865 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. வசதி படைத்த வெள்ளையர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். எஞ்சியிருந்த கறுப்பின மக்களில் சிலர் திடலுக்குச் சென்று, அந்த உடல்களை எடுத்து ஒவ்வொன்றாக முறைப்படி அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் வேலி எழுப்பி வெள்ளையடித்தார்கள். நுழைவாயில் வளைவில் ‘பந்தயத் திடலின் தியாகிகள்’ என்று எழுதினார்கள்.

பிறகு மே 1 அன்று ஊர்வலம் நடந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் திரண்டதாக அக்கால நாளிதழ்கள் எழுதின. முன்னால் நடந்தவர்கள் மூவாயிரம் கறுப்பினப் பள்ளிக் குழந்தைகள். கை நிறைய ரோஜாப் பூக்களோடு அவர்கள் பாடிக்கொண்டு சென்ற பாட்டு ‘ஜான் பிரவுனின் உடல்’. கறுப்பினப் போதகர்கள் வேதாகமத்திலிருந்து வாசித்தார்கள். கறுப்பின வீரர்களைக் கொண்ட, மாசசூசெட்ஸின் புகழ்பெற்ற 54ஆம் படைப்பிரிவு உள்ளிட்ட வீரர்கள் அணிவகுத்தார்கள். அதன் பிறகு குடும்பம் குடும்பமாகப் புல்வெளியில் அமர்ந்து சாப்பிட்டார்கள், உரைகளைக் கேட்டார்கள். இன்றைய நினைவு நாளில் அமெரிக்கக் குடும்பங்கள் செய்வது ஏறக்குறைய இதையேதான்.

இதைத்தான் முதல் நினைவு நாள் என்று சொல்ல வேண்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ, ஜார்ஜியாவின் கொலம்பஸ், பென்சில்வேனியாவின் போல்ஸ்பர்க் என்று அந்தப் பெருமைக்கு உரிமை கோரும் ஊர்கள் பல உண்டு. 1966இல் அரசு முறையாக அங்கீகரித்தது வாட்டர்லூவை. நாடு தழுவிய வழக்கமாக இது வேரூன்றியது 1868இல், வடபுலப் போர்வீரர் சங்கத்தின் தலைவரான ஜெனரல் ஜான் லோகன், மே 30 அன்று கல்லறைகளுக்கு மலர் சூட்டும்படி ஆணையிட்ட பிறகு. சார்ல்ஸ்டன் நிகழ்ச்சி லோகனின் ஆணைக்கு நேரடித் தூண்டுதலாக இருந்தது என்று காட்டும் சான்று கிடைக்கவில்லை. ஆகவே, பேச்சாளரின் வரலாற்று வாதத்தோடு ஒருவர் முரண்படலாம். அவருக்கு அடுத்து எழுந்து நின்று அதை மறுத்துப் பேசியிருக்கலாம். அந்த விவாதம் நடக்க வேண்டுமானால் அவர் சொன்னது முதலில் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சார்ல்ஸ்டன் நிகழ்ச்சி நூறாண்டுக்கு மேலாக ஏன் யாருக்கும் தெரியாமல் போனது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அதை யாரும் தடை செய்யவில்லை. எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளில், வடக்கும் தெற்கும் மீண்டும் கைகோக்க வேண்டும் என்ற விருப்பம் மேலோங்கியது. போர் எதற்காக நடந்தது என்ற பேச்சு அந்தச் சமரசத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. 1871இல் ஆர்லிங்டன் கல்லறையில் பேசிய பிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்பின் பெரும் குரலாக உயர்ந்தவர், இருதரப்பு வீரத்தையும் ஒரே தராசில் வைத்துப் புகழ்ந்துவிட்டுப் போரின் காரணத்தை மறந்துவிடக் கூடாது என்று மன்றாடினார். அவர் அஞ்சியபடியே நடந்தது. 1913இல் கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு இருதரப்புப் பழைய வீரர்களும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடிக் கைகுலுக்கியபோது, அடிமை முறையைப் பற்றிப் பேசுவது அந்த நாளுக்குப் பொருத்தமற்றதாகிவிட்டிருந்தது.

சார்ல்ஸ்டன் கதை முற்றாக அழிந்துவிடவும் இல்லை. அது நடந்து அரை நூற்றாண்டு கழித்து, தென்மாநில வீரர்களின் நினைவைப் பேணும் மகளிர் அமைப்பொன்றின் பொறுப்பாளர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து கடிதம் எழுதி, 1865இல் கறுப்பின மக்கள் அப்படி ஒரு சடங்கைச் செய்தது உண்மையா என்று சார்ல்ஸ்டன் நினைவுச் சங்கத்திடம் கேட்டார். அதிகாரபூர்வமான தகவல் எதையும் திரட்ட முடியவில்லை, வருந்துகிறேன் என்ற அளவில் ஒரு வரிப் பதில் வந்தது. நகரின் நாளிதழ் பக்கங்களிலேயே பதிவாகியிருந்த நிகழ்ச்சி அது. 1990களில் வரலாற்றாய்வாளர் டேவிட் பிளைட், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் வடபுல வீரர்களின் பழைய காகிதங்கள் அடங்கிய பெட்டி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதைப் பற்றிய குறிப்பைக் கண்டெடுத்தார். அங்கிருந்து அக்கால நாளிதழ்களைத் தேடிப் போய், 2001இல் வெளிவந்த தன் ஆய்வில் முழு நிகழ்ச்சியையும் மீட்டுத் தந்தார். கெம்ட்டர் ஹட்சனில் சொல்ல முயன்றது இப்படி மீட்கப்பட்ட செய்தியை.

‘இது ஹட்சனுக்குப் பொருந்தாது’ என்ற வாதத்தை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். உள்ளூர் வீரர்களை நினைவுகூர வந்த குடும்பங்களுக்கு, தங்கள் மகனின், தாத்தாவின் பெயரைக் கேட்க வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கும். அது நியாயமான ஆசை. தொலைவில் நடந்த வரலாறு அந்த நேரத்தைத் தின்றுவிடுமோ என்று ஏற்பாட்டாளர்கள் கவலைப்பட்டிருந்தால், அதையும் புரிந்துகொள்ள முடிகிறது. பள்ளிகளில் இனவாத வரலாற்றை எப்படிக் கற்பிப்பது என்ற சண்டை பல மாநிலச் சட்டமன்றங்களில் சூடாக நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை என்பதையும் மறந்துவிட முடியாது. அந்தச் சண்டையின் நிழல் கல்லறைத் தோட்டத்தில் விழ வேண்டாம் என்று யாராவது நினைத்திருக்கலாம்.

ஆனாலும் ஹட்சன் ஏதோ ஓர் ஊர் அல்ல. சார்ல்ஸ்டனில் மூவாயிரம் குழந்தைகள் பாடிய பாட்டை, மக்கள் யார் நினைவாகப் பாடினார்களோ அந்த ஜான் பிரவுன் வளர்ந்த ஊர் அது. 1805இல், ஐந்து வயதில், கனெக்டிகட்டிலிருந்து குடும்பத்தோடு ஹட்சனுக்கு வந்தவர் அவர். தந்தை ஓவன் பிரவுன் தோல் பதனிடுபவர். தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்தவர். 1837 நவம்பரில், அடிமை முறையை எதிர்த்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாயை இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவரது அச்சு இயந்திரத்தை அதற்கு முன்பும் பலமுறை அடித்து நொறுக்கியிருந்தார்கள். அவருக்காக ஹட்சன் திருச்சபையில் நடந்த ஜெபக் கூட்டத்தில், பின்வரிசையில் இருந்த ஜான் பிரவுன் எழுந்து நின்று, அடிமை முறையை அழிப்பதற்கே தன் வாழ்நாளை ஒப்புக்கொடுப்பதாக எல்லார் முன்னிலையிலும் சபதம் செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கியதற்காக அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் கையாண்ட வன்முறையைப் பற்றி இன்றும் அமெரிக்கர்கள் வாதிடுகிறார்கள். எழுதியதற்காகக் கொல்லப்பட்ட ஒரு பத்திரிகையாளருக்கு ஊர் கூடி இரங்கிய அந்தக் கூட்டத்தையும், அதில் ஒருவர் எழுந்து பேசியதையும் ஹட்சன் தன் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறது.

அப்படியிருக்க, அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சார்ல்ஸ்டனைப் பற்றிப் பேசியவர் ஊரை விட்டு விலகிப் போகவில்லை. அமெரிக்கன் லீஜன் தன் முகவுரையிலேயே, போர்களின் நினைவுகளைப் பேணுவதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. வடபுலப் படையில் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அவர்களையும், அவர்களின் மக்கள் வெள்ளையருக்குச் செய்த இறுதி மரியாதையையும் நினைவு நாளில் சொல்வது அந்த நோக்கத்துக்கு வெளியே எப்படிப் போகும்? லீஜனின் மாநிலத் தலைமையே தன் கிளையின் மீது நடவடிக்கை எடுத்தது.

அந்த நடவடிக்கையில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. சில தனி மனிதர்களின் இரண்டு நிமிடச் செயலுக்காக, ஊரில் நெடுங்காலமாக இயங்கிவந்த ஒரு கிளையின் பட்டயத்தையே நிறுத்திவைப்பது, அதில் எந்தப் பங்கும் இல்லாத உறுப்பினர்களையும் சேர்த்தே தண்டிக்கிறது. வெளிப்படையான மன்னிப்பும், அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் அதே உரையை முழுமையாகப் பேசவிடுவதும், ஊருக்குள் இன்னும் நல்ல தீர்வாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்திருந்தால் அன்று வந்தவர்களுக்கு அவர்கள் இழந்தது திரும்பக் கிடைத்திருக்கும். உண்மையில் அந்த உரை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சென்று சேர்ந்தது காணொளி வழியாகத்தான். கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தவர்களைவிடப் பல மடங்கு பேர் அதைப் பார்த்தார்கள்.

சார்ல்ஸ்டனின் அந்தப் பந்தயத் திடல் இன்று ஒரு பூங்கா. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்புலத் தளபதி வேட் ஹாம்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கறுப்பின மக்கள் எழுப்பிய வேலியும் வளைவும் இல்லை. 257 பேரின் உடல்களும் பிற்பாடு தோண்டியெடுக்கப்பட்டுத் தேசியக் கல்லறைகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. 1865 மே 1 அன்று அங்கே என்ன நடந்தது என்று சொல்லும் நினைவுப் பலகை ஒன்று 2010இல் அந்தப் பூங்காவில் வைக்கப்பட்டது. ஹட்சனில் அந்தக் குமிழ் திருப்பப்படுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு.